தேக்காவுக்கு எடுத்த சேலை

மஞ்சள் குடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி எங்கள் தலைகளை எண்ணினார். மழை இல்லை, சுள்ளென்று வெயில். கூட்டத்தில் யாரும் தவறிவிடக் கூடாது என்பதற்கான அடையாளக் குடை அது. வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போய், பாறை ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தலை எண்ணியே தொண்டை வற்றிப்போன கணக்கு டீச்சர் நான். என் தலையை இன்னொருவர் எண்ணியது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"நடக்குறதுக்கு எதுக்குடி டிக்கெட்டு? ரோடு சும்மாதானே கெடக்கு?" என்று மகளிடம் கேட்டேன்.

"கத சொல்லிக்கிட்டே கூட்டிட்டுப் போவாங்கம்மா. அந்தக் காலத்துல பொழைக்க வந்தவங்க இருந்த தெருவெல்லாம் காட்டுவாங்க."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய் ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. முழுப்பரீட்சை லீவுக்கு என்னை வரவழைத்து ஊர் காட்டுகிறாள். காட்டுகிற சந்தோஷம் முகத்தில் இருக்க வேண்டாமா? பரீட்சையில் பெயிலான பிள்ளை மார்க் ஷீட்டை ஒளித்துவைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்தாள்.

எனக்கும் ஊர் பார்க்கும் ஆசை பெரிதாக இல்லை. நான் வந்த காரியம் வேறு. என் தோள்பையில் அரக்கு நிறத்தில் ஒரு பருத்திச் சேலை இருந்தது. பொன்னமராவதியில் ஆத்தா எடுத்தது, கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாதது. அதைத் தேக்காவிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

தேக்கா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவுக்குப் போன் பண்ணினான். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளை எங்கிருந்து பேசினாலும் ஆத்தாவுக்கு முதல் கேள்வி ஒன்றுதான்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன் ஆத்தா."

"எங்கிட்டு சாப்ட்டே?"

"தேக்கா கடையில. இட்டிலியும் மீன் கொழம்பும்."

போனை வைத்தபோது ஆத்தாவின் முகத்தில் அத்தனை நிம்மதி. "புள்ளைக்கு அங்கிட்டு ஒரு அக்கா கெடச்சிட்டாத்தா. கடை வச்சிருக்காளாம். மீன் கொழம்பு ஊத்துறாளாம்" என்று என்னிடம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பேரையும் முறையையும் சேர்த்து நசுக்கித்தான் கூப்பிடுவோம். தெய்வானை அக்காவைச் சுருக்கித்தான் தேக்கா என்கிறான் என்று ஆத்தா அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் பேசியபோது நானும் ஆத்தாவின் பக்கத்தில் இருந்தேன். ஆத்தா கேட்டாள்: "அந்தத் தேக்கா நல்லா இருக்காளாடா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை வாங்கிப் பார்த்தேன். பிறகு தம்பி சிரித்தான்.

"நல்லா இருக்கு ஆத்தா. ஒன்னய விசாரிச்சுச்சு."

அன்றிலிருந்து தேக்கா எங்கள் குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள். அவன் லீவில் வந்தபோது மைலோ டின்னும் கோடாலித் தைலமும் எடுத்து வைத்து, "தேக்கா குடுத்துவிட்டுச்சு" என்றான். தைலத்தை ஆத்தா முட்டியில் தேய்க்கும்போதெல்லாம் முகம் தெரியாத அவளுக்கு ஆயுசு வேண்டிக்கொள்வாள். திரும்பிப் போகும்போது எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் தேக்காவுக்கென்றே தனியாகப் போகும். அவனும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "தேக்கா பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கு ஆத்தா" என்று நழுவிவிடுவான். அவள் பார்க்கிற பெண் நல்ல பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஆத்தாவும் ஊரில் பெண் தேடுவதை நிறுத்திவைத்தாள்.

எனக்குப் பொறாமைதான். சொந்த அக்கா நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்க, எவளோ ஒருத்தி மீன் குழம்பு ஊற்றி அக்கா ஆகிவிட்டாளே என்று எரிச்சலாக வரும். ஒரு தடவை போனில் ஏதோ வாக்குவாதம். "ஒந் தேக்காகிட்டயே போய்ச் சொல்லு, எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"தேக்கா சொல்லுச்சுக்கா. ஒன்னய மாதிரி ஆளுங்களுக்குக் கோவம் ஒடம்புக்கு ஆகாதாம்."

சிரிப்பு வந்துவிட்டது. அவன் காதில் விழக்கூடாதென்று போனை வைத்துவிட்டேன்.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் இல்லாத தெரு எங்கள் மாவட்டத்தில் குறைவு. யாரையாவது ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவே தோன்றவில்லை. நம் வீட்டு மனுஷியைப் பற்றி அடுத்த வீட்டில் போய் யார் விசாரிப்பார்கள்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவனோடு தங்கியிருந்த கட்டுமாவடிக்காரர் ஒருவர் எனக்குப் போன் பண்ணினார். "தேக்கா கடை வாசல்லதான் உக்காந்திருந்தான்க்கா. பேசிக்கிட்டே இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள..." என்றார். மாரடைப்பு என்றார்கள். கல்யாணம்கூட ஆகாத பிள்ளை, பெட்டியில் அடைத்துத் திருச்சி விமான நிலையத்துக்கு வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்தபோது அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

ஆத்தா அழுது அழுது ஓய்ந்த பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அவ வாசல்லதானே உக்காந்திருந்தான்? அவ மடியிலதான் சாஞ்சிருப்பான். அனாதையாப் போகலத்தா எம்புள்ள." துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கருமாதிக்கு எனக்குச் சேலை எடுத்தபோது அதே கடையில் அதே விலையில் இன்னொன்றும் எடுத்தாள். "அவளும் அவங்கூடப் பொறந்தவதான்" என்றாள். வெளியாளிடம் கொடுத்துவிட மனமில்லாமல் அந்தச் சேலை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. என் மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் ஆத்தா முதலில் போய்த் திறந்தது அந்தப் பெட்டியைத்தான். சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வியில்லை என்று, நான் போகும்வரை எடுத்து வைத்திருந்தாள்.

நான் கிளம்புகிற அன்று அதை என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "மொதல்ல சேலையக் குடு. அப்பறம் ஒக்காந்து மெதுவாக் கேளு. எம்புள்ளைக்குக் கடைசியா வாயில ஒரு வாய் தண்ணி ஊத்துனாளான்னு கேளு. அதத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும். அதுக்குத்தான் இந்த உசுரு கெடக்கு."

வந்த அன்றே மகளிடம் சேலையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். மாமா செத்தபோது அவள் ஸ்கூல் பிள்ளை. எழுந்து சமையலறைக்குள் போனவள் வெளியே வர நேரமாயிற்று. வந்து, "ஞாயித்துக்கெழம போவோம்மா" என்றாள். முகம் கழுவியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா வீட்டுக்குப் போவோம் என்று பார்த்தால், இந்த மஞ்சள் குடைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

சீனர்கள் இருந்த தெருக்களிலிருந்து நடை தொடங்கியது. வழிகாட்டி அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். வாயருகே சின்ன மைக். எங்கள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு கருவி. அவர் எவ்வளவு தூரத்தில் நின்று பேசினாலும் நம் காதுக்குள் வந்து ரகசியம் சொல்வதுபோலக் கேட்கும். வேறு வேறு நாட்டு ஆட்கள் கலந்த கூட்டம் என்பதால் ஆங்கிலத்தில் பேசினார். எங்கள் இருவருக்காக இடையிடையே தமிழிலும் ஒரு வார்த்தை சொல்வார்.

கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை அங்கே அஞ்சடி என்கிறார்கள். மாடியில் ஓர் அறையைக் காட்டி, மூட்டை தூக்கியவர்கள் அங்கேதான் முறை வைத்துப் படுத்தார்கள், ஒருவன் எழுந்தால் அந்தச் சூட்டிலேயே அடுத்தவன் படுப்பான் என்றார். படுத்தார்கள், சமைத்தார்கள், ஊரை நினைத்து அழுதார்கள். எல்லாமே இறந்த காலம். பெரிய கேமரா வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அண்ணாந்து அந்த ஜன்னலைப் படம் எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் கடுகடுவென்று வந்தது. என் தம்பியும் அப்படி ஓர் அறையில் அடுக்குக் கட்டிலில்தான் படுத்தான். அவன் செத்து எட்டு வருஷம்கூட ஆகவில்லை. அவன் கட்டிலை யார் வந்து படம் எடுத்தார்கள்?

அடுத்து மலாய்க்காரர்களும் அரபு வியாபாரிகளும் இருந்த பகுதி. தங்க நிறக் குவிமாடம் வைத்த பள்ளிவாசல், அத்தர் கடைகள். கதையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் கவனம்தான் பையில் இருந்தது. தேக்காவைப் பார்த்ததும் எப்படிக் கூப்பிடுவது, அக்கா என்பதா, வயது குறைவாக இருந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். கோபப்படக் கூடாது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். என் தம்பிக்குச் சோறு போட்டவளிடம் எனக்கென்ன கோபம்?

கால்வாயைத் தாண்டினோம். சட்டென்று மல்லிகைப்பூ வாசம், வறுத்த மசாலா வாசம், தமிழ்ப் பேச்சு. திருவிழாவுக்கு இறங்கின மாதிரி கூட்டம். எல்லாம் நம்மூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஆம்பளைப் பிள்ளைகள். வழிகாட்டி குடையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். என் காதுக்குள் அவர் குரல் சொன்னது: "தேக்கா."

பிள்ளைகள் கிளாசில் செய்வதுபோலக் கையைத் தூக்கினேன்.

"மேடம், ஒங்களுக்குத் தேக்காவத் தெரியுமா?"

அவர் சிரித்தார். "இந்த ஊர்ல தேக்காவத் தெரியாதவங்க யாரும்மா இருக்காங்க?"

"அப்ப அவங்க கடைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? எந்தம்பி அங்கதான் சாப்புடுவான். அவங்களுக்குக் குடுக்க ஒரு சேலை கொண்டாந்திருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார் போல. மெதுவாகத்தான் சொன்னார், என் காதுக்குள்ளேயே சொன்னார்.

"தேக்கா ஆள் இல்லம்மா. எடத்தோட பேரு. அந்தா தெரியுது பாருங்க மார்க்கெட், இந்த ரோடு, இந்தக் கடைங்க, இதெல்லாமே தேக்காதான். அந்தக் காலத்துல இந்தக் கால்வா ஓரமா மூங்கிலா நின்னுச்சாம். சின்ன மூங்கில் நிக்கிற எடம்னு சீனத்துல சொன்னாங்க. அது சுருங்கித் தேக்கான்னு ஆயிருச்சு."

பிறகு மற்றவர்களுக்காக அதையே ஆங்கிலத்தில் சொன்னார். மூங்கில் என்றதும் அந்த வெள்ளைக்காரர் தலையாட்டினார். எல்லோருக்கும் அது ஒரு சுவையான தகவல். எனக்கு மட்டும் அந்த வெயிலில், அத்தனை பேர் காதிலும் கேட்க, ஒருத்தி செத்துப்போனாள்.

மகளைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"வந்த மொத வாரமே தெரியும்மா. பஸ்ல போட்டிருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீ சேலையோட வந்து நின்ன. என்னால எப்படிம்மா சொல்ல முடியும்? இந்த மேடம் எல்லாருக்கும் சொல்றாப்ல ஒனக்கும் சொல்லிட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

வேறு சமயமாக இருந்தால் நடுரோடு என்றும் பார்க்காமல் ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்குத் திட்டத் தெம்பில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் ஏதாவது செய்திருப்பேன்.

நல்லா இருக்கு. விசாரிச்சுச்சு. குடுத்துவிட்டுச்சு. அவன் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எங்கள் பேச்சில் ஆத்தாவையும் அக்காவையும் பாசமாகச் சொல்லும்போது வந்தாள், சொன்னாள் என்று சொல்ல மாட்டோம். ஆத்தா வந்துச்சு, அக்கா சொல்லுச்சு என்போம். ஓர் ஊரைப் பற்றிச் சொன்னாலும் அதே வார்த்தைதான். அந்த ஒரு சந்தில் நுழைந்துதான் இத்தனை வருஷமும் எங்களை ஓட்டியிருக்கிறான் திருட்டுப் பயல். ஆத்தா கேட்ட அன்று அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருந்தானே, அப்போது முடிவு செய்திருக்கிறான். தெருவில் நின்று சாப்பிடுகிறேன் என்று சொன்னால் ஆத்தா தூங்க மாட்டாள். ஓர் அக்கா சோறு போடுகிறாள் என்றால் தூங்குவாள். அவ்வளவுதான் கணக்கு. அந்த ஊறுகாய் பாட்டில்களை எல்லாம் எங்கே உட்கார்ந்து, யாரோடு தின்றானோ?

எனக்கு என்ன தாங்க முடியவில்லை என்றால், அவனுக்கு அங்கே யாருமே இல்லை என்பதுதான். இல்லாத ஒருத்தி மேல் பொறாமைப்பட்டு நான் முறைத்துக்கொண்டிருந்த நாளிலெல்லாம் அவன் தனியாகத்தான் இருந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பக்கத்திலிருந்த திடல் முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். புல்லில் பிளாஸ்டிக் பையை விரித்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு. வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, "முகம் தெரியிற மாதிரி போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்" என்றார். நல்ல மனுஷி. வெள்ளைக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார். அவன் இங்கே உட்கார்ந்திருந்த நாளில் இப்படி ஒரு கூட்டம் இந்த வழியே நடந்து போயிருந்தால் என் தம்பியையும் இப்படித்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

மஞ்சள் குடை அடுத்த தெருவுக்கு நகர்ந்தது. நாங்கள் போகவில்லை. காதிலிருந்த கருவியைக் கழற்றி மகள் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் உட்கார்ந்திருந்த வாசலையாவது பார்க்க வேண்டும் என்று அஞ்சடியோடு நடந்தேன். இட்லிக் கடை, புரோட்டாக் கடை, பணம் அனுப்புகிற கடை, போன் கடை. எந்த வாசலென்று யாரைக் கேட்பது? எல்லாமே தேக்கா கடைதான்.

ஒரு சாப்பாட்டுக் கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். சேலையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது இப்போது மகளின் அலமாரியில் இருக்கிறது. ஊருக்குக் கொண்டுவந்தால் ஆத்தாவின் கண்ணில் பட்டுவிடும். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மகள் சொல்கிறாள். யாருக்குக் கொடுப்பது?

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் போன் அடித்தது. ஆத்தா.

"ஏத்தா, தேக்காவப் பாத்தியா?"

"பாத்தேன் ஆத்தா."

"எப்படி இருக்கா?"

மகள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கு ஆத்தா. ஒன்னய விசாரிச்சுச்சு."

"மகராசி. பக்கத்துல இருக்காளா? அவகிட்டப் போனக் குடு. நானே ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

வேண்டாம் என்றேன், கடையில் கூட்டமாக இருக்கிறது என்றேன். ஆத்தா விடவில்லை. "குடுங்குறேன்ல" என்றாள். நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தெருவைப் பார்த்து நீட்டினேன்.

"ஏத்தா தேக்கா. நான் அவனப் பெத்தவ பேசுறேன். நல்லா இருக்கியாத்தா? எம்புள்ளைக்கு அத்தன வருசமாச் சோறு போட்டியே, நீ நல்லா இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசியா அவனுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்துனியாத்தா?"

பஸ் ஒன்று போனது. கல்லில் புரோட்டா தட்டுகிற சத்தம். யாரோ யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். போனை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"என்னாத்தா, பேச மாட்டேங்குறா?"

போனை என் பக்கம் திருப்பினேன். "அழுகுது ஆத்தா" என்றேன். அழுதது நான்தான்.

ஆத்தா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"அழுகட்டும், விடு. ஒண்ணும் கேக்காத. அவன நெனச்சு அங்கிட்டும் ஒருத்தி அழுகுறாளே, அது போதும் எனக்கு." மறுபடி மூக்கைச் சிந்தினாள். "பாவம், சாப்ட்டாளான்னு கேளு."

நான் தெருவைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

படிக்குக் கீழே கை கழுவிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து நிமிர்ந்தான். "சாப்ட்டேன்க்கா" என்றான்.